கொழும்பில் மாடல் காருக்கு மெட்டாலிக் பெயின்ட் தூசியில்லாமல், மழமழப்பாக வர என்ன செய்யலாம்?

வெள்ளவத்தை மாடிவீட்டு பல்கனியில் 1/24 அளவு மாடல் காருக்கு வெள்ளி நிற ஸ்ப்ரே அடித்தால் தூசி ஒட்டுகிறது, மேற்பரப்பும் வெண்மையாக மங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மங்கலுக்குக் காரணம் ஈரப்பதம். சீக்கிரம் உலரும் லாக்கர் வகைப் பெயின்டின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள நீராவி அதில் படிகிறது. மழை விட்ட கையோடு அடிக்கவே வேண்டாம். வெயிலுள்ள நாளில், நண்பகலை ஒட்டி அடியுங்கள். பல்கனியையும் விடுங்கள், காலி வீதிப் புழுதி நேராக வந்து சேரும் இடம் அது. ஜன்னலுள்ள அறையே நல்லது. அரைமணி முன்பே மின்விசிறியை நிறுத்தி, தரையை ஈரத்துணியால் துடையுங்கள். மாஸ்க் அவசியம், பக்கத்தில் நெருப்பு கூடாது.

காரின் மேற்கூட்டைச் (body) சவர்க்காரம் போட்டுக் கழுவி உலர்த்துங்கள். அடிப்பூச்சான பிரைமரை அடித்து, காய்ந்தபின் 1500 நம்பர் சாண்ட்பேப்பரால் நீர்விட்டுத் தேய்த்து, அதன்மேல் பளபளக்கும் கறுப்பு அடியுங்கள். வெள்ளியின் ஆழமே அந்தக் கறுப்பில்தான் இருக்கிறது.

மெட்டாலிக்கில் நுண்ணிய உலோகச் செதில்கள் மிதக்கின்றன. கனமாக அடித்தால் அவை திரண்டு திட்டுத்திட்டாகும். தூர நின்று அடித்தால் பாதியிலேயே உலர்ந்து சொரசொரப்பாகும். சுமார் 15–20 சென்ரிமீற்றரில், மெல்லிய மூன்று நான்கு பூச்சுகள் போதும். டின்னை முதலில் வெதுவெதுப்பான நீரில் வைத்தால் தூவல் நுண்மையாக வரும்; கொதிநீர் ஆபத்து.

தூசி விழுந்தால் ஈரத்தில் தொடாதீர்கள். மெட்டாலிக்கைத் தேய்த்தால் செதில் கலைந்து நிறமே மாறிவிடும். நிறமற்ற மேல்பூச்சான கிளியரை அடித்து நன்றாகக் காய்ந்தபின் அந்தக் கிளியரை மட்டும் தேய்த்துப் பாலிஷ் பண்ணுங்கள்.