சின்னப் பிள்ளைகளுக்கு இன், ஆன், அண்டர் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

ஆங்கிலம் புதிதாகக் கற்கிற ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு இடத்தைச் சொல்லும் பிரிபொசிஷன்களை நடத்தி முடித்துவிட்டேன், ஒர்க்‌ஷீட்டில் எல்லாம் சரியாகப் போடுகிறார்கள், ஆனால் பேசும்போது தப்புத் தப்பாக வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒர்க்‌ஷீட்டைக் கொஞ்ச நாளைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் சரியாகச் செய்கிறார்களா, இல்லை பொருளைப் பார்த்து ஊகிக்கிறார்களா என்பது அதில் தெரியவே தெரியாது. எனக்கே இது புரிய ரொம்ப நாளானது.

ஆறு வயதுப் பெண் ஒருத்தி. மூடியில்லாத அட்டைப் பெட்டி ஒன்றையும் ஒரு ரப்பரையும் அவள் முன்னால் வைத்து, 'புட் தி இரேசர் இன் தி பாக்ஸ்' என்றேன், டக்கென்று உள்ளே போட்டாள். 'ஆன் தி டேபிள்' என்றதும் மேசை மேலே வைத்தாள். சரி, நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் ஏதோ தோன்றி, பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடியும் அதே 'இன் தி பாக்ஸ்' என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல் கவிழ்ந்த பெட்டியின் முதுகில் ரப்பரை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். திரும்ப நிமிர்த்தி வைத்து 'ஆன் தி பாக்ஸ்' என்றால் உள்ளே போடுகிறாள். இரேசர், பாக்ஸ் என்ற இரண்டு சொற்கள்தான் அவள் காதில் விழுந்திருக்கின்றன. நடுவில் இருந்த குட்டிச் சொல்லுக்கு அவளிடம் வேலையே இல்லை, ஏனென்றால் பெட்டி என்றால் உள்ளே போடுவார்கள், மேசை என்றால் மேலே வைப்பார்கள், பொருளே பதிலைச் சொல்லிவிடுகிறது.

இது அவள் ஒருத்தியின் பழக்கம் இல்லை. ஈவ் கிளார்க் என்ற மொழியியல் ஆய்வாளர் 1973-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆங்கிலமே தாய்மொழியான மிகச் சின்னக் குழந்தைகள்கூட, சொல்லின் பொருள் பிடிபடும்வரை, கொள்கலம் போல இருந்தால் உள்ளே போடுவார்கள், தட்டையாக இருந்தால் மேலே வைப்பார்கள். அதனால் நான் இப்போது எந்த பிரிபொசிஷனை எடுத்தாலும் எதிர்பாராத இடத்தில் வைத்துத்தான் சொல்லித் தருகிறேன். புத்தகத்தை நாற்காலிக்குக் கீழே வை, செருப்பைத் தலைமேல் வை, பென்சிலைக் காதுக்குப் பின்னால் வை, இப்படி. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே செய்வார்கள். ஊகிக்க வழியில்லாததால் அந்தச் சின்னச் சொல்லைக் கேட்டே தீர வேண்டும்.

அடுத்து, 'இன் என்றால் உள்ளே, ஆன் என்றால் மேலே' என்று பட்டியல் எழுதி ஒட்டியிருந்தால் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய இடைஞ்சல். 'படம் சுவரில் மாட்டியிருக்கிறது' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஆன் தி வால்'. பட்டியலை நம்புகிற பிள்ளை, படம் சுவருக்கு மேலேயா இருக்கிறது என்று கேட்கும், நியாயமான கேள்விதான். கூரையில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கிற பல்லியும் 'ஆன் தி சீலிங்'தான். உயரமாக இருப்பதா என்பது ஆனுக்கு முக்கியம் இல்லை, ஒரு பரப்பைத் தொட்டு அதன் பிடிமானத்தில் நிற்பதுதான் முக்கியம். நம்முடைய 'மேலே' வேறு மாதிரி. புத்தகம் மேசை மேலே இருக்கிறது, விளக்கு மேசைக்கு மேலே தொங்குகிறது, இரண்டுக்கும் நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் முதலாவது ஆன், இரண்டாவது அபவ் அல்லது ஓவர். அதேபோல நம்முடைய 'இல்' பெட்டியில், சுவரில், வாசலில் என்று எல்லா இடத்திலும் ஒட்டிக்கொள்ளும், ஆங்கிலத்தில் அவை இன், ஆன், அட் என்று மூன்றாகப் பிரிந்துவிடும். இதையெல்லாம் பிள்ளைக்கு விளக்கிச் சொல்ல வேண்டாம், ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் போதும். ஆனுக்கு ஸ்டிக்கரை வைத்துச் சொல்லிக் கொடுங்கள். ஸ்டிக்கரைக் கையில் ஒட்டு, கதவில் ஒட்டு, மூக்கில் ஒட்டு. நாலு தடவை ஒட்டினால் தொட்டுக்கொண்டிருப்பதுதான் ஆன் என்று விரலுக்கே புரிந்துவிடும்.

பேசும்போது 'டேபிள் ஆன்' என்று வருகிறதா? 'மேசை மேலே' என்ற நம் வரிசை அது. பிரிபொசிஷனைத் தனியாகச் சொல்ல வைக்காமல் 'ஆன்-த-டேபிள்' என்று ஒரே மூச்சில், ஒரே சொல் மாதிரி, கை தட்டிச் சொல்ல வையுங்கள். வாய்க்குப் பழகிய பிறகு வரிசை மாறுவது குறைந்துவிடும்.

எதை முதலில் எடுப்பது என்று கேட்டால், இன், ஆன், அண்டர், அப்புறம் நெக்ஸ்ட் டு, கடைசியாக பிட்வீன், பிஹைண்ட், இன் ஃப்ரண்ட் ஆஃப். ஜான்ஸ்டன், ஸ்லோபின் இருவரும் 1979-ல் வெளியிட்ட ஆய்வில் ஆங்கிலம், இத்தாலி, செர்போ-குரோஷியன், துருக்கி பேசும் குழந்தைகள் தங்கள் தாய்மொழியிலேயே ஏறக்குறைய இந்த வரிசையில்தான் கற்கிறார்கள் என்று கண்டார்கள். துருக்கி நம் மொழி மாதிரி பெயருக்குப் பின்னால்தான் இடச்சொல்லை வைக்கும், அங்கேயும் வரிசை பெரிதாக மாறவில்லை.

முன்னால், பின்னால் கடினமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நாற்காலிக்கு, பொம்மைக்கு, காருக்கு முகம் என்று ஒன்று இருக்கிறது, பந்துக்கு இல்லை. பந்துக்கு முன்னால் எது என்பது பார்க்கிறவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. நீங்கள் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு 'பிஹைண்ட் தி பால்' என்று காட்டினால் உங்களுக்குப் பின்னாலாக இருப்பது அவளுக்கு முன்னாலாகத் தெரியும். பக்கத்தில் போய் உட்காருங்கள், இருவரும் ஒரே திசையைப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே போய்விடும். முதலில் பிள்ளைகளையே வரிசையில் நிறுத்தி யார் யாருக்குப் பின்னால் என்று கேளுங்கள், பிறகு முகமுள்ள பொருள்கள், பந்தும் பெட்டியும் எல்லாம் முடிந்த பிறகு.

கேட்டுச் செய்வது நன்றாக வந்த பிறகு பேச்சுக்கு வாருங்கள், அவசரப்படுத்த வேண்டாம். பேச வைக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒளித்து விளையாடுவதுதான். பூனை பெட்டிக்குள் இருக்கும் படத்தைக் காட்டி, பூனை எங்கே என்று கேட்டால், அதுதான் கண்ணுக்குத் தெரிகிறதே, எதற்காகச் சொல்ல வேண்டும்? பொம்மையை நிஜமாகவே ஒளித்து வையுங்கள். 'இஸ் இட் அண்டர் தி பேக்?', 'இஸ் இட் பிஹைண்ட் தி டோர்?' என்று கேட்டால்தான் கண்டுபிடிக்க முடியும் என்று ஆனதும், வாயே திறக்காத பிள்ளைகூடக் கேட்கும். தப்பாகக் கேட்டால் திருத்தாதீர்கள், கேட்டது கேட்டபடியே போய்ப் பாருங்கள். கதவுக்குப் பின்னால் பார்க்கச் சொல்ல நினைத்து 'ஆன் தி டோர்' என்று சொன்னால், கதவின் பரப்பைத் தடவிப் பார்த்துவிட்டு 'நோ' சொல்லுங்கள். அதே பெண் என்னிடம் அப்படிச் சொல்லிவிட்டு, நான் கதவைத் தடவுவதைப் பார்த்துப் பதறி, 'நோ நோ, பிஹைண்ட், பிஹைண்ட்!' என்று ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.