டிக்கியில் ஒழுகிய பேட்டரி: கடைக்காரர் கை கழுவ முடியுமா?

கேள்வி: திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். வெளிநாட்டிலிருந்து திரும்பிய என் பெரியப்பா கொண்டுவந்து, முறைப்படி பதிவு செய்த மஸ்டா எம்.எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் கார் இப்போது என் பெயரில் இருக்கிறது. 1990-களில் வந்த முதல் தலைமுறை வண்டி. பேட்டரி டிக்கிக்குள் இருக்கும். 14 மாதங்களுக்கு முன்பு, டிக்கியின் படத்தைக் கோவையில் உள்ள ஒரு கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, எது பொருந்தும் என்று கேட்டேன். அவர்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆளையும் அனுப்பிப் பொருத்தினார்கள். 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ, ஒழுகவே ஒழுகாதுங்க' என்றார் கடைக்காரர். விலை ரூ.5,200, பில் கம்பெனி பெயரில் இருக்கிறது. சென்ற மாதம் டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், அமிலம் ஒழுகித் தரைத்தகட்டில் பெயின்ட் உரிந்து துருவேறிக் கிடக்கிறது. டிங்கரிங், பெயின்டிங்குக்கு ரூ.46,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். காரிலேயே இருந்த இரண்டு மெல்லிய ரப்பர் குழாய்கள் பேட்டரியோடு இணைக்கப்படாமல் ஓரமாகச் சுருட்டிக் கட்டப்பட்டிருந்ததைக் காட்டியவரும் அவர்தான். 'பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துப் போங்கள். வாரண்டி பேட்டரிக்குத்தான், வண்டிக்கு இல்லை' என்கிறார் கடைக்காரர். இழப்பீடு கிடைக்குமா? இனி எந்த பேட்டரி வாங்கினால் ஒழுகாது?
- வாசகர், திருப்பூர்

பதில்: முதலில் அந்தப் பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் வழக்கே அதற்குள்தான் இருக்கிறது. பொருளில் குறை என்று புகார் சொல்லி, பரிசோதனை இல்லாமல் அதை முடிவு செய்ய இயலாது என்றால், நுகர்வோர் ஆணையம் அந்தப் பொருளைப் பெற்று, முத்திரையிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 38(2)(சி) பிரிவு அப்படிச் சொல்கிறது. எக்ஸ்சேஞ்சில் போன பேட்டரி ஈயம் உருக்கும் உலைக்குப் போய்விடும். பிறகு எதைப் பரிசோதிப்பது? ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் நிமிர்த்தி வைத்து, காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகள் கைபடாமல் பாதுகாத்து வையுங்கள். மேல்மூடியில் அச்சிட்டிருக்கும் வரிசை எண்ணையும் தயாரிப்புத் தேதிக் குறியீட்டையும் தெளிவாகப் படம் எடுங்கள்.

டிக்கித் தரையையும் அப்படியே, கழுவுவதற்கு முன்பு படம் பிடியுங்கள். குழாய்கள் கட்டப்பட்டிருக்கும் மூலையை நெருக்கமாக எடுங்கள். அதன் பிறகு சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, நுரை அடங்கும் வரை கழுவச் சொல்லுங்கள். வழக்கு நடக்கிறது என்று தகட்டை அரிக்க விட்டுவிட்டு, பிறகு கூடுதல் தொகை கேட்டால் கிடைக்காது. இழப்பைக் குறைக்க உங்களால் முடிந்ததைச் செய்தீர்களா என்பதும் கணக்கில் வரும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு விளக்கத்தில் இருக்கும் பழைய விதி இது.

இனி கடைக்காரர் சொன்ன சமாதானம். 'வாரண்டி பேட்டரிக்குத்தான்' என்பது உண்மைதான். வாரண்டி அட்டை பேட்டரியைப் பற்றி மட்டுமே பேசும். ஆனால் உங்கள் தரைத்தகட்டுக்கான பொறுப்பு வாரண்டி அட்டையிலிருந்து பிறப்பதில்லை. 2019 சட்டம் 'பொருள் பொறுப்பு', அதாவது குறையுள்ள பொருளால் நேரும் கேட்டுக்கு அதைச் செய்தவரும் விற்றவரும் ஏற்க வேண்டிய பொறுப்பு, என்று தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. அதில் 'தீங்கு' என்பதற்கு 2(22) பிரிவில் தரப்பட்ட வரையறையில், குறையுள்ள பொருளுக்கே நேர்ந்த கேடு சேராது. வேறு சொத்துக்கு நேர்ந்த கேடு சேரும். ஆக, பேட்டரிக்கு வாரண்டி, தகட்டுக்குச் சட்டம். இதில் ஒரு கண்ணி உண்டு: வாரண்டி நிபந்தனையை மீறியதால் மட்டும் நேர்ந்த சொத்துச் சேதத்தை அதே பிரிவு வெளியே தள்ளுகிறது. எனவே புகாரை எழுதும்போது 'வாரண்டி மீறல்' என்று எழுதிவிட்டு நிற்காமல், தவறான தேர்வு, கவனமின்றிப் பொருத்தியது, எச்சரிக்கை தராதது என்ற மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இங்கேதான் பல புகார்கள் சறுக்குகின்றன.

தவறான தேர்வு என்று ஏன் சொல்கிறேன்? இந்த வண்டிக்குத் தொழிற்சாலையில் வைத்தது, அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்த ஏ.ஜி.எம். வகை பேட்டரி. ஆடாத, கொட்டாத அமிலம். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜனும் அமில ஆவியும் மூடிய டிக்கிக்குள் தங்காமல், குழாய் வழியே தரைக்குக் கீழே போய்விட வேண்டும். அந்த இரண்டு ரப்பர் குழாய்களின் வேலை அதுதான். இங்கே பானெட்டுக்குள் பேட்டரி இருக்கும் கார்களைப் பார்த்தே பழகிய கடைப் பையன், அவற்றைத் தேவையற்ற ஒயர் என்று நினைத்துக் கட்டிப் போட்டிருப்பான். 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' என்றால் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று பொருள், அவ்வளவுதான். உங்களுக்குத் தந்த பேட்டரிக்குள்ளே இருப்பது அலைபாயும் திரவ அமிலமே.

தயாரிப்பாளர் தந்ததற்கு வேறான ஓர் உறுதிமொழியை விற்பனையாளர் தந்து, பொருள் அதற்கு ஒத்துவராவிட்டால் அவரே பொறுப்பு என்கிறது 2019 சட்டத்தின் 86-ஆம் பிரிவு. பொருத்துவதில் நியாயமான கவனம் காட்டாவிட்டாலும், தயாரிப்பாளரின் எச்சரிக்கையை வாங்கியவரிடம் சேர்க்காவிட்டாலும் அதே பிரிவுதான். 'ஒழுகவே ஒழுகாதுங்க' என்பது நம் ஊர்க் கடைகளில் மரியாதையாகச் சொல்லும் வார்த்தையாக இருக்கலாம். சட்டத்தின் கண்ணில் அது உறுதிமொழி. வாயால் சொன்னதை நிரூபிப்பது கடினம் என்பதால் நான் அதை மட்டும் நம்பமாட்டேன். உங்கள் கையில் இருக்கும் உண்மையான ஆயுதம் அந்த வாட்ஸ்அப் உரையாடல்.

1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16(1) பிரிவைப் பாருங்கள். எந்தப் பயனுக்கு வேண்டும் என்பதை விற்பவருக்குத் தெரிவித்து, அவருடைய தொழில் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தப் பயனுக்குத் தக்கதாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனை. ஆனால் 'இந்தக் கம்பெனியின் இந்த எண் பேட்டரியைக் கொடுங்கள்' என்று வர்த்தகப் பெயர் சொல்லி வாங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். நீங்கள் டிக்கியின் படத்தை அனுப்பி, 'இதற்கு எது பொருந்தும்' என்று கேட்டிருக்கிறீர்கள், அவர்கள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பிராண்டு பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் இந்தப் பதில் பாதி பக்கத்தில் முடிந்திருக்கும். அந்த உரையாடல் இருக்கும் போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். மின்னணு ஆவணத்துக்கு பாரதிய சாட்சிய சட்டம் 2023-இன் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழையும் சேர்த்துத் தாக்கல் செய்வது நல்லது.

தயாரிப்பாளர் மீதான வழக்கு இவ்வளவு வலுவானதல்ல. பேட்டரி தன் அளவில் சரியாக இருந்து, தவறான இடத்தில் வைக்கப்பட்டதால் கெட்டது என்றால், அவர்கள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவைக் காட்டித் தப்பிக்கலாம். உறையில் விரிசல் என்று ஆய்வகம் சொன்னால் கதை மாறும். ஆகவே இருவரையும் எதிர்த்தரப்பினராகச் சேர்த்துவிடுங்கள். ஆனால் பாரம் கடைக்காரர் மீதே இருக்கட்டும்.

கடைக்காரர் முதலில் எடுக்கப்போகும் ஆயுதம், என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர். 'பழைய வண்டி, ரெகுலேட்டர் கெட்டு அதிகமாகச் சார்ஜ் ஏறியிருக்கிறது' என்பார். அது உண்மையாகவும் இருக்கக்கூடும். என்ஜின் ஓடும்போது டெர்மினல்களுக்கு இடையே சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் கவலையில்லை. 15-ஐத் தாண்டினால் எந்த பேட்டரியும் கொதிக்கும், ஏ.ஜி.எம். உட்பட. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் அளந்து, தேதியும் கையெழுத்தும் போட்டுத் தாளில் வாங்குங்கள். வண்டி வாரக்கணக்கில் நின்றபோது வீட்டில் மலிவான சார்ஜரை இரவு முழுக்க மாட்டி வைத்ததுண்டா? உண்டென்றால் உங்கள் வழக்கறிஞரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

நிபுணர் கருத்துக்கு அலைய வேண்டியதில்லை. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம் இருக்கும் கோவையில், இத்தகைய வண்டியின் அடிவயிறு வரை தெரிந்த மெக்கானிக் கிடைப்பார். அவருடைய பிரமாணப் பத்திரம் ஒன்று போதும்.

பில் விஷயம் சங்கடமானது. கம்பெனி பெயரில் பில் இருப்பதால், 'வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே அல்ல' என்று வாதிடுவார்கள். யார் பெயரில் பில் என்பதை விட, வாங்கியதன் முதன்மை நோக்கம் லாபம் ஈட்டும் தொழிலோடு நேரடியாகத் தொடர்புடையதா என்றுதான் உச்ச நீதிமன்றம் பார்க்கிறது. இயக்குநரின் சொந்தப் பயனுக்காக நிறுவனம் வாங்கிய கார் வழக்கிலும் 2024 ஜூலையில் நுகர்வோர் பக்கமே தீர்ப்பளித்தது. ஆர்.சி. உங்கள் பெயரில் இருப்பதும், இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரில் யாரும் பனியன் பண்டல் ஏற்றமாட்டார்கள் என்பதும் உங்களுக்குத் துணை. ஆனால் அந்த பில்லுக்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கம்பெனி கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுத்திருந்தால், சொந்தப் பயனுக்கான பொருளுக்கு ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவின்படி அது கிடையாது. ஆடிட்டரிடம் சொல்லித் திருப்பிக் கட்டிவிடுங்கள். எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் கண்டுபிடிப்பதை விட அது மேல்.

கடை கோவையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த விலை ரூ.5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டுகள். ஒழுகலைக் கண்ட நாளிலிருந்து என்று வாதிடலாம்தான். நான் வாங்கிய நாளிலிருந்தே கணக்கிட்டு, மிச்சமிருக்கும் பத்து மாதத்துக்குள் முடிப்பேன். அதற்கு முன், 15 நாள் அவகாசம் தந்து கடைக்காரர், தயாரிப்பாளர் இருவருக்கும் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். இன்சூரன்ஸில் கேட்டுப் பார்க்கலாமா என்றால், தேய்மானத்தையும் மின் பழுதையும் பொதுவாக அந்த பாலிசிகள் விலக்கியே வைக்கின்றன; அதில் நேரம் போக்காதீர்கள்.

அடுத்த பேட்டரி. காற்றுக்குழாய் இணைக்கும் வாய் உள்ள, ஸ்டார்ட்டர் பயனுக்கான ஏ.ஜி.எம். கேளுங்கள். ஸ்டார்ட்-ஸ்டாப் கார்களுக்கு (சிக்னலில் நின்றால் என்ஜின் தானே அணைந்து எழும் கார்கள்) இங்கே விற்கும் ஏ.ஜி.எம். பேட்டரிகள் பலவும் உங்கள் டிக்கியின் பேட்டரித் தட்டில் அடங்காத பெரிய அளவு. அளவு சரியாக இருக்கிறதென்று யு.பி.எஸ். பேட்டரியைச் சிலர் காட்டுவார்கள். அதுவும் ஒழுகாது, ஆனால் என்ஜினைச் சுழற்றும் வேலைக்குச் செய்ததல்ல, காரில் வைத்தால் வாரண்டியும் நிற்காது. டெர்மினல் பருமனையும் அளந்து சொல்லுங்கள். பில் உங்கள் சொந்தப் பெயரில் இருக்கட்டும். அதில் காரின் பெயர், தயாரிப்பு ஆண்டு, 'டிக்கிக்குள் பொருத்த, காற்றுக்குழாய் இணைத்து' என்ற வரி, பொருத்துக்கூலி எல்லாம் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். வழக்கு முடிந்த பிறகு பழைய பேட்டரியைத் தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போடாமல், பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இன்படி சேகரிக்கும் விற்பனையாளரிடமோ மறுசுழற்சி நிறுவனத்திடமோ ஒப்படையுங்கள்.

அறிவிப்பு போனதும் கடைக்காரர் புதிய பேட்டரியோடு ஒரு தாளையும் நீட்டக்கூடும். 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். 'பேட்டரிக்கு மட்டும் பெற்றேன். வண்டிச் சேதத்துக்கான கோரிக்கை நிலுவையில் உள்ளது. பழைய பேட்டரி என் வசம் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்டு, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.