18-ஆம் நூற்றாண்டு வட அமெரிக்க எல்லைப்புறத்தில் ஒரு யூதத் தோல் வியாபாரி எப்படி வாழ்ந்திருப்பார்?

“துப்பாக்கியோடு காட்டில் திரிந்து வேட்டையாடிய ஆளா?” என்றும் சிலருக்குக் கேட்கத் தோன்றும். வேட்டைக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. வேட்டையாடியவர்கள் பூர்வகுடி மக்கள். தோணி வலித்தவர்கள் பிரெஞ்சுக் கனடியர்கள். வியாபாரி லண்டன் சரக்கைக் கடனுக்கு வாங்கி, அதைக் காட்டில் கடனுக்கே கொடுத்துவிட்டு, இரண்டு கடனுக்கும் நடுவில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர். தோல் வியாபாரம் என்பதைவிட வட்டி வியாபாரம் என்று நினைத்துக்கொண்டால் பல விஷயங்கள் புரியும்.

உதாரணத்துக்கு எசக்கியேல் சாலமன்ஸ். பெர்லினில் பிறந்தவர். 1761-ல் மிஷிலிமாக்கினா கோட்டைக்கு வந்து சேர்ந்தார். ஹூரான் ஏரியும் மிச்சிகன் ஏரியும் சேருகிற நீரிணையின் தென்கரையில் அந்தக் கோட்டை இருந்தது. இன்றைய மிச்சிகன் மாநிலத்தில் குடியேறிய முதல் யூதர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

ஏன் 1761? அதற்கு முன் வர வழியில்லை. பிரெஞ்சு ஆட்சியில், நியூ பிரான்ஸ் என்ற அந்தக் காலனியில் கத்தோலிக்கர் தவிர வேறு யாரும் குடியேறக் கூடாது. 1738-ல் ஆண் வேடத்தில் கியூபெக்கில் வந்திறங்கிய எஸ்தர் பிராண்டோ என்ற யூதப் பெண்ணை, மதம் மாற மறுத்ததால் திருப்பி அனுப்பினார்கள். 1760 செப்டம்பரில் மான்ட்ரியல் பிரிட்டிஷார் கைக்குப் போனது. படைக்குச் சாமான் சப்ளை செய்துகொண்டு பின்னால் வந்தவர்களில் சில யூத வியாபாரிகளும் இருந்தார்கள். பிரான்சிலிருந்து வந்துகொண்டிருந்த சரக்கும் கடனும் அறுந்துபோன நேரம் அது. லண்டனிலும் நியூயார்க்கிலும் தொடர்பு உள்ளவனுக்கு வழி திறந்திருந்தது. சாலமன்ஸ், கெர்ஷோன் லீவி, பெஞ்சமின் லயன், சாப்மன் ஆபிரகாம், லீவி சாலமன்ஸ் என்று ஐந்து பேர் கூட்டுச் சேர்ந்தார்கள். ஐந்து பேரும் யூதர்கள். மதப் பாசம் மட்டும் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஒருவன் மான்ட்ரியலில் சரக்கு கட்ட வேண்டும், ஒருவன் டெட்ராய்ட்டில், ஒருவன் மிஷிலிமாக்கினாவில் இருக்க வேண்டும். பத்திரமும் நீதிமன்றமும் எட்டாத தூரத்தில், ஏமாற்றினால் எங்கே போய் முகத்தைக் காட்டுவான் என்று தெரிந்த ஆளோடுதான் பங்கு போட முடியும்.

இனி பணத்தின் சுற்று. இந்தத் தொழிலின் முழுக் கஷ்டமும் இதில்தான். இலையுதிர் காலத்தில் லண்டனுக்கு ஆர்டர் போகும். அடுத்த ஆண்டு கோடையில் கப்பல் வரும். மான்ட்ரியலில் குளிர்காலம் முழுக்கச் சரக்கைப் பிரித்துக் கட்டி, அதற்கடுத்த மே மாதம், பனி உருகியதும் தோணிகள் கிளம்பும். அந்தக் குளிர்காலத்தில் வேட்டை. அதன் பின் வரும் கோடையின் முடிவில் தோல் மான்ட்ரியல் வரும். அங்கிருந்து கப்பலேறி, லண்டனில் ஏலம் போய்ப் பணம் கைக்கு வர இன்னும் பல மாதங்கள். தூர வடமேற்குக்குப் போன சரக்குக்கு ஆர்டரிலிருந்து வசூல் வரை மூன்றரை ஆண்டு ஆகும். மிஷிலிமாக்கினா அவ்வளவு தூரமில்லை. ஆனாலும் ஒரு வருடச் சரக்கு விற்றுத் தீரும் முன்பே அடுத்த இரண்டு வருடச் சரக்குக்குக் கடன்காரனாகியிருப்பான். நடுவில் ஒரு போரோ, லண்டனில் தோல் விலைச் சரிவோ வந்தால் மூன்று வருடமும் சேர்ந்து விழும்.

தோணி எதை எவ்வளவு சுமந்தது? பிர்ச் மரப்பட்டையால் செய்த பெரிய மான்ட்ரியல் தோணி ஏறக்குறைய 36 அடி நீளம், 6 அடி அகலம். எட்டு முதல் பன்னிரண்டு ஆட்கள், மூன்று டன்னுக்கு மேல் சுமை. சுமை முழுக்க 90 பவுண்டு மூட்டைகளாக இருக்கும். எடை ஏன் அப்படி? மான்ட்ரியலை அடுத்த லஷீனில் புறப்பட்டு, ஒட்டாவா ஆறு, நிப்பிசிங் ஏரி, பிரெஞ்சு ஆறு வழியாக ஹூரான் ஏரிக்குள் நுழையும் வரை, அருவி வரும் இடத்திலெல்லாம் எல்லாவற்றையும் இறக்கித் தரையில் சுமக்க வேண்டும். முப்பதுக்கு மேற்பட்ட இடங்கள். ஒவ்வொரு ஆளும் நெற்றியில் வார் கொடுத்து, முதுகில் ஒரு மூட்டை, அதன்மேல் இன்னொன்று என்று இரண்டைத் தூக்குவான். மூட்டை பெரிதானால் ஆள் விழுவான், சிறிதானால் நடை கூடும். தோணியில் ஓட்டை விழுந்தால் தேவதாரு வேரால் தைத்து, பிசினில் கொழுப்பைக் கலந்து காய்ச்சிப் பூசுவார்கள். தினமும் மாலையில் இந்த வேலை இருக்கும்.

சாப்பாட்டுக்கு இடமில்லை என்பதால் உமி நீக்கிய மக்காச்சோளமும் கொழுப்பும்தான். ஒரு புஷல் (சுமார் 35 லிட்டர் அளவு) சோளம், இரண்டு பவுண்டு கொழுப்பு, ஒரு ஆளுக்கு ஒரு மாதம். மிஷிலிமாக்கினாவுக்குத் தேவையான சோளத்தை ஒடாவா என்ற பூர்வகுடி மக்கள் விளைவித்தார்கள். அவர்கள் விற்கவில்லை என்றால் எந்தத் தோணியும் மேலே போகாது. எல்லைப்புறத்தில் யார் கை ஓங்கியிருந்தது என்பதற்கு இது ஒன்றே போதும்.

சரக்கு: கம்பளித் துணி, போர்வை, பித்தளைக் கெண்டி, துப்பாக்கி, வெடிமருந்து, ஈயக் குண்டு, கத்தி, புகையிலை, குங்குமச் சிவப்புச் சாயம், மணிகள், வெள்ளி நகைகள், ரம். வாங்குபவர்கள் ஏமாளிகள் என்று பலர் எழுதுவார்கள். தவறு. துணியின் நிறமோ போர்வையின் கனமோ பிடிக்கவில்லை என்றால் பக்கத்துக் கடைக்கோ, மிசிசிப்பிப் பக்கத்துப் பிரெஞ்சுக்காரனிடமோ போய்விடுவார்கள். இலையுதிர் காலத்தில் வெடிமருந்தும் போர்வையும் கடனாகக் கொடுத்தாக வேண்டும். வசந்தத்தில் அந்த வேட்டைக்காரன் தோலோடு வேறொரு வியாபாரியைப் பார்த்துவிட்டால் அந்தக் கடன் கடலில் கரைத்த பெருங்காயம். அதனால்தான் குளிர்காலத்தில் தங்கள் ஆட்களை வேட்டை முகாம்களின் அருகிலேயே போய்த் தங்க வைத்தார்கள்.

தோலின் தரத்தைப் பார்க்கத் தெரியாதவன் முதல் வருடமே மூழ்குவான். பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் தோலை வாங்கியது கோட்டுக்காக அல்ல, தொப்பிக்காக. அதன் உள்முடியில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு. அவை ஒன்றோடொன்று பின்னி ஃபெல்ட் என்ற உறுதியான அழுத்தத் துணி ஆகும். மேலே உள்ள நீண்ட முரட்டு முடி வீண். பூர்வகுடியினர் முடி உள்பக்கம் இருக்கும்படி ஒன்றிரண்டு குளிர்காலம் போர்த்திய தோலில் அந்த முரட்டு முடி தானே உதிர்ந்திருக்கும். உடல் எண்ணெய் ஏறித் தோலும் இளகியிருக்கும். தொப்பிக்காரனுக்கு அதுதான் உயர்ந்த சரக்கு. காயவைத்த புதுத் தோல் அடுத்த தரம். கோடையில் கொன்ற விலங்கின் தோலில் உள்முடி மெலிந்திருக்கும், எடுக்காமலிருப்பதே நல்லது. வாங்கிய பின்னும் நிம்மதி கிடையாது. அழுத்திக் கட்டிய தோல் மூட்டைக்குள் ஈரம் புகுந்தால் முடி கழன்றுவிடும். தோணியில் நனைந்த மூட்டையை அன்றே பிரித்து உலர்த்த வேண்டும். கிடங்கில் பூச்சி விழும். அவ்வப்போது பிரித்து அடித்து உதற வேண்டும்.

1763 வசந்தத்தில் எல்லாம் கவிழ்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வழக்கமாகக் கொடுத்த அன்பளிப்புகளைப் பிரிட்டிஷ் தளபதி ஆம்ஹர்ஸ்ட் நிறுத்தினார், வெடிமருந்தைக் குறைத்தார். வேட்டைக்கு மருந்தில்லாத கோபமும், தங்களைக் கேட்காமல் நிலம் கைமாறிய கோபமும் சேர்ந்தன. ஜூன் 2 அன்று ஓஜிப்வே என்ற பூர்வகுடி வீரர்கள் மிஷிலிமாக்கினா வாசலில் லக்ரோஸ் என்ற மட்டைப் பந்தாட்டம் ஆடினார்கள். பந்து மதிலுக்குள் விழுந்தது. எடுக்க ஓடியவர்கள் கைக்கு, போர்வைக்குள் ஆயுதம் மறைத்து நின்ற பெண்களிடமிருந்து ஆயுதம் வந்தது. சாலமன்ஸ் சிறைபிடிக்கப்பட்டார். ஒடாவா மக்கள் தலையிட்டுக் கைதிகளை எடுத்துக்கொண்டதால் அந்தக் கோடையிலேயே மான்ட்ரியல் திரும்பினார். பங்காளி சாப்மன் ஆபிரகாம் டெட்ராய்ட்டுக்குப் போகும் வழியில் சரக்குப் படகுகளோடு பிடிபட்டார். அவரும் உயிர் தப்பினார். சரக்கு திரும்பவில்லை; கடன் அப்படியே நின்றது. அதன் பிறகு உரிமம், ஜாமீன் பத்திரம், கோட்டைக்கு வெளியே வியாபாரம் செய்யத் தடை என்று சில ஆண்டுகள் கெடுபிடி. இவ்வளவுக்கும் பிறகு சாலமன்ஸும் கெர்ஷோன் லீவியும் 1765-ல் மிஷிலிமாக்கினா கோட்டைக்குள்ளேயே வீடு வாங்கினார்கள். கடனை அடைக்க வேறு வழி இல்லாதவர்கள் செய்வது அதுதான்.

யூதராக வாழ்ந்தது எப்படி? கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். அங்கே அதற்கு வாய்ப்பே இல்லை. ஓய்வுநாளுக்காக ஏரிக்காற்று காத்திருக்காது. உணவு விதியை ஓரளவு காக்க முடிந்திருக்கும்: நீரிணையில் கொழித்த வெண்மீனுக்கும் ஏரி டிரவுட்டுக்கும் செதிலும் துடுப்பும் உண்டு, அவை ஆகும். பீவர் இறைச்சி, கரடிக் கொழுப்பு, தோணிக்காரர்களின் பன்றிக் கொழுப்பு ஆகாது. சோளக் கஞ்சியில் எந்தக் கொழுப்பு விழுந்தது என்பதே நித்தியச் சிக்கல். புத்தாண்டும் பாவமன்னிப்பு நாளும் வருவது செப்டம்பர், அக்டோபரில். தோலோடு மான்ட்ரியல் திரும்பிய வருடம் பண்டிகை உண்டு, மேலேயே தங்கிய வருடம் இல்லை.

உண்மையான உரசல் ஊரில்தான். 1768-ல் மான்ட்ரியலில் ஷேரித் இஸ்ரேல் சபை உருவானது. சாலமன்ஸ் அதில் உறுப்பினர். மறு வருடமே யூதரல்லாத லூயிஸ் துபுவா என்ற பிரெஞ்சுக் கனடியப் பெண்ணை மணந்தார். அவர்களுடைய ஆண் குழந்தை இறந்தபோது யூத இடுகாட்டில் புதைக்க இடம் கிடைத்தது. ஆனால் விருத்தசேதனம் செய்யாதவர்களை இனி அங்கே புதைக்கக் கூடாது என்று சபை விதி எழுதியது. காட்டில் அவரிடம் யாரும் மதம் கேட்கவில்லை. கேட்டது சொந்தச் சபை.

அமெரிக்கப் புரட்சிப் போரின்போது, 1779-ல், மிஷிலிமாக்கினா வியாபாரிகள் சரக்கையெல்லாம் ஒன்றாகப் போட்டு ஒரு பொதுக் கடை நடத்தினார்கள். சாலமன்ஸும் அதில் பங்குதாரர். அந்த ஆண்டிலேயே கோட்டையை மாக்கினா தீவுக்கு மாற்றத் தொடங்கி, கட்டடங்களைப் பிரித்து உறைந்த பனிமேல் இழுத்துப் போனார்கள். மகன் வில்லியம் பிரிட்டிஷ் அரசின் பூர்வகுடித் துறையில் மொழிபெயர்ப்பாளரானார். 1828-ல், அவர் இருந்த ஹூரான் ஏரியின் டிரம்மண்ட் தீவு அமெரிக்கர் கைக்குப் போனபோது, குடும்பத்தோடு கனடாவின் பெனட்டாங்கிஷீனுக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய வாரிசுகளை இன்று, பூர்வகுடி-ஐரோப்பியக் கலப்பு வம்சாவளியினரான மெட்டி சமூகத்தில்தான் தேட வேண்டும்.