நாடித் துடிப்பைக் கவனிக்கக் கட்டுப்பாட்டு வரைபடம் எதற்கு?

ஒரு நோயாளியின் நாடித் துடிப்பையோ உடல் வெப்பத்தையோ நேர வரிசையில் புள்ளிகளாகக் குறித்து, நடுவே சராசரிக் கோடும், வழக்கமான ஏற்ற இறக்கத்துக்கு மேலும் கீழும் இரண்டு எல்லைக் கோடுகளும் போட்டால் அதுதான் கட்டுப்பாட்டு வரைபடம். 1924இல் அமெரிக்கரான வால்டர் ஷூவார்ட் தொழிற்சாலைப் பொருள்களின் தரத்துக்காக வரைந்தது. மருத்துவமனை வாட்டுக்கு இது பின்னர்தான் வந்தது.

எந்த உடலும் ஒரே எண்ணில் நிற்பதில்லை. இருமினாலே நாடி ஏறும். ஒவ்வோர் ஏற்றத்துக்கும் மணி அடித்தால் தாதிக்கு மணியே காதில் விழாமல் போய்விடும்.

கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் தினமும் போகிறவரைக் கேளுங்கள். ஒருநாள் பத்து நிமிடம் பிந்தினால் பொருட்படுத்தமாட்டார். எட்டு நாள் தொடர்ந்து பிந்தினால், காலி வீதியில் எங்கோ தோண்டுகிறார்கள் என்று சொல்லிவிடுவார். நாடியும் அப்படித்தான்: 72, 75, 79, 84, 88, 93. எதுவும் நூறைத் தொடவில்லை. ஆனால் ஆறும் ஒரே பக்கம் ஏறுகின்றன. எனக்கு இதுதான் இம்முறையின் உயிர்.

பலர் நினைப்பதுபோல இந்த எல்லைகள், வழக்கமான நாடி என்று பாடநூல் சொல்லும் நிமிடத்துக்கு 60–100 அல்ல. அந்த நோயாளியின் சொந்த அளவீடுகளிலிருந்தே கணக்கிடப்படுவதால், வழக்கமாக 50இல் துடிக்கும் ஓட்ட வீரருக்கு 90கூட எல்லை மீறலாகலாம்.