டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரே வரி, போதுமா?

போதாது. கோவையில் அறுவை முடிந்து வந்த உங்கள் அப்பாவின் சம்மரியில் உள்ள "பெருங்குடல் கட்டி அகற்றப்பட்டது" என்பதை மட்டும் வைத்து, அவருக்குக் கீமோ (புற்றுநோய்க்கான மருந்து சிகிச்சை) வேண்டுமா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

சம்மரியை அவசரத்தில் சுருக்கி எழுதியிருப்பார்கள். ஆபரேஷன் நோட்டும், அகற்றிய கட்டியைச் சோதித்த பயாப்ஸி ரிப்போர்ட்டும் தனி ஆவணங்கள். இரண்டையும் எழுதிக் கேளுங்கள், 2002 மருத்துவக் கவுன்சில் விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தயாரா என்று போனில் கேட்டுவிட்டு, கோத்தகிரியிலிருந்து நீங்கள் மட்டும் கோவைக்கு இறங்குங்கள். தையல் ஆறாத உடம்போடு அவரை அந்த மலைப்பாதை வளைவுகளில் அலைக்கழிக்க வேண்டாம்.

கையில் வந்ததும் பாருங்கள்: கட்டி இருந்த இடம், வெட்டிய ஓரத்தில் புற்றணு உண்டா, எத்தனை நிணநீர் முடிச்சுகளைப் பரிசோதித்தார்கள், எத்தனையில் பரவியிருக்கிறது. குறைந்தது 12 முடிச்சுகளைப் பரிசோதிப்பது பெருங்குடலுக்கு ஏற்கப்பட்ட அளவு.

குறைந்தால் அறுவை தவறு என்று பொருளில்லை. எடுத்த பகுதியில் இன்னும் முடிச்சுகளைத் தேட முடியுமா என்று கேளுங்கள்.