தோற்றது யார்?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. அவனுடைய கால்பந்துப் பயிற்சியாளர், நன்றாக ஆடுபவன், ஆடாதவன் என்று பாராமல் எல்லாப் பிள்ளைகளையும் சம நேரம் களத்தில் இறக்குகிறார். தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்றுவிட்டோம். இன்னொரு அணியின் பயிற்சியாளர் கறாரானவர். அவருடைய அணி தோற்பதே இல்லை. வெற்றி வெறியைச் சிறு வயதிலேயே ஊட்ட வேண்டாமா? அணியை மாற்றிவிடலாமா?

பதில்: ‘தோற்றுவிட்டோம்’ என்று எழுதுகிறீர்கள். ஆடியவர்கள் பிள்ளைகள், நீங்கள் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றிருந்தீர்கள்.

அந்தக் கறாரான அணி எப்படி வெல்கிறது என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். 9 வயதில் வெல்வதற்குக் குறுக்குவழி ஒன்று உண்டு. உயரமும் வேகமும் வாய்த்த ஒரு பிள்ளையை முன்னால் நிறுத்திவிட்டு, மற்றவர்கள் பந்து கிடைத்ததுமே அவனை நோக்கித் தூக்கி அடித்தால் போதும். குறுக்குச் சட்டம் எட்டாத குட்டிக் கோல்கீப்பரின் தலைக்கு மேலே அவன் போட்டுவிடுவான். 14 வயதில் எதிரணியினரும் அதே உயரத்துக்கு வளர்ந்து நிற்கும்போது, அவனுக்குப் பந்தைக் காலடியில் நிறுத்தத் தெரியாது, மற்றவர்களுக்கு நெருக்கடியில் பாஸ் கொடுக்கத் தெரியாது.

‘நன்றாக ஆடுபவன்’ என்று நாம் சொல்பவன் பல நேரம் சில மாதங்கள் முந்திப் பிறந்தவன், அவ்வளவுதான். ஒரே வயதுப் பிரிவுக்குள் ஏறத்தாழ ஓர் ஆண்டு இடைவெளி இருக்கக்கூடும். 9 வயதில் அது உடம்பில் நன்றாகவே தெரியும். அதனால்தான் பல நாடுகளின் இளையோர் அணிகளில், வயதுக் கணக்கு தொடங்கும் மாதங்களில் பிறந்தவர்களே குவிந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் அந்தக் கணக்கு செப்டம்பரில் தொடங்குகிறது. ஜூலையில் பிறந்த ஹாரி கேனை ஆர்சனல் கிளப் சிறுவனாக இருந்தபோது ஒரே பருவத்தோடு அனுப்பிவிட்டது. பின்னாளில் இங்கிலாந்துக்காக மிக அதிக கோல் அடித்தவர் அவர்தான்.

எல்லாருக்கும் சம நேரம் கொடுப்பது தோல்வியைப் பழக்கும் சோம்பேறித்தனம் என்று நீங்கள் நினைக்கலாம். நார்வேயில் 11 வயதுக்கு முன் புள்ளிப் பட்டியலே கிடையாது. நான்கு முறை உலகக் கோப்பையை வென்ற ஜெர்மனி, 2024-25 பருவத்திலிருந்து கடைக்குட்டிப் பிரிவில் இரண்டு பேர், மூன்று பேர் கொண்ட அணிகளாக ஆடுவதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆள் குறையக் குறைய ஒவ்வொரு காலுக்கும் பந்து அடிக்கடி வரும் என்பதே அதன் கணக்கு. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் காலுக்குப் பந்து வரவே வராது.

இன்னொன்று. பந்து காலுக்கு வந்ததும், வெளியே நிற்கும் பெற்றோரிடமிருந்து “அடி!” என்று ஒரு குரல், “பாஸ் கொடு!” என்று ஒரு குரல், “திரும்பு!” என்று மூன்றாவது. பையன் தலையைத் தூக்கி வெளியே பார்க்கிறான். அந்த அரை நொடியில் பந்து பறிபோகிறது. உங்கள் அணியின் நான்கு தோல்விகளில் இப்படிப் போன பந்துகள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இதற்காக உங்கள் பயிற்சியாளருக்கு நான் நற்சான்று எழுதித் தரவில்லை. சம நேரம் கொடுப்பது மட்டுமே பயிற்சி ஆகிவிடாது. பயிற்சி நாளில் பிள்ளைகளை நீண்ட வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஓர் உதை, மறுபடி வரிசையின் வால் என்று மணி முழுவதையும் அவர் கழித்தால், தாராளமாக அணியை மாற்றுங்கள். அந்தக் கறாரானவரிடமும் அதே வரிசை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.