லிங்க்கைத் தட்டினால் ஃபோல்டர் திறக்கவில்லையா? சர்வரை மாற்றாதீர்கள்

கேள்வி: நாங்கள் சிறிய ஆடிட்டர் அலுவலகம் நடத்துகிறோம். ஆபீஸ் சர்வரில் ஒரு வெப் பேஜ் வைத்து, ஒவ்வொரு கிளையன்ட் பெயரிலும் அவருடைய ஷேர்டு ஃபோல்டருக்கு லிங்க் கொடுத்திருந்தோம். பழைய கம்ப்யூட்டர்களில் அது திறந்தது. புதிய கம்ப்யூட்டர்களில் கிளிக் செய்தால் ஒன்றுமே நடப்பதில்லை. சர்வர் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் சர்வீஸ்காரர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் இரண்டு பின்சாய்கோடு (\), சர்வர் பெயர், இன்னொரு பின்சாய்கோடு, ஃபோல்டர் பெயர் என்று அடித்து என்டர் தட்டுங்கள். ஃபோல்டர் திறந்தால் சர்வரும் நெட்வொர்க்கும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். புது சர்வர் வாங்கினாலும் அந்த லிங்க் இதேபோலத்தான் பேசாமல் இருக்கும்.

தடுப்பது பிரவுசர். உங்கள் பழைய கம்ப்யூட்டர்களில் இருந்தது இன்டர்நெட் எக்ஸ்புளோரராகத்தான் இருக்கும். ஆபீஸுக்குள் இருக்கும் பேஜ் என்றால் அது இப்படிப்பட்ட லிங்க்கை அனுமதிக்கும். 2022 ஜூன் 15-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டுவிட்டது. குரோமும் எட்ஜும் வெப் பேஜிலிருந்து ஃபோல்டருக்குப் போக விடுவதில்லை. அதற்கு நியாயமான காரணம் உண்டு. விண்டோஸ் ஒரு ஷேர்டு ஃபோல்டரைத் தேடிப் போகும்போது உங்கள் யூசர் பெயரையும், பாஸ்வேர்டை வைத்துக் கணக்கிட்ட ஒரு பதிலையும் தானாகவே நீட்டிவிடும். ஏதோ ஒரு வெப்சைட் உங்களைத் தன் சர்வருக்கு இழுக்க முடிந்தால் அது அவர்கள் கையில் போய்விடும். பாஸ்வேர்டு எளிதாக இருந்தால் அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தடுப்பது சரி. ஆனால் தடுத்ததைச் சொல்ல வேண்டாமா? எஃப்12 அழுத்தி, கன்சோல் என்ற பகுதியில் போய்ப் பார்த்தால்தான் அனுமதி இல்லை என்று ஒரு சிவப்பு வரி தெரியும். வரவு செலவு பார்க்கிறவர் அங்கே எதற்குப் போகப் போகிறார்? திரையில் ஒரே ஒரு வரி காட்டியிருந்தால் சர்வீஸ்காரர் உங்களிடம் சர்வர் கதை பேசியிருக்க முடியாது.

எட்ஜில் ஒரு விலக்கு உண்டு. இன்ட்ராநெட் ஃபைல் லிங்க்ஸ் எனேபிள்டு என்ற பாலிசியை, அதாவது விண்டோஸ் வழியாகப் பிரவுசருக்குப் போடும் ஒரு விதியை, இயக்கினால், லிங்க்கைத் தட்டியதும் ஃபைல் எக்ஸ்புளோரரில் ஃபோல்டர் திறக்கும். ஆனால் நிபந்தனைகளைக் கவனியுங்கள். பேஜ் எச்டிடிபிஎஸ் முகவரியில் இருக்க வேண்டும். உங்கள் பேஜ் வெறும் எச்டிடிபி என்றால் வேலை செய்யாது. பேஜின் முகவரி, ஃபோல்டர் இருக்கும் சர்வர் இரண்டையுமே விண்டோஸ் உள் நெட்வொர்க் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். புள்ளி இல்லாத சர்வர் பெயரை அது பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். 192.168 என்று தொடங்கும் எண்ணாகக் கொடுத்தால் வெளியாள் என்று நினைத்துவிடும், அதை உள் நெட்வொர்க் பட்டியலில் தனியாகச் சேர்க்க வேண்டும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் பாலிசி எடிட்டரே கிடையாது. ப்ரோவில் இருந்தாலும் எட்ஜின் பாலிசிகளை அதில் காட்டும் டெம்ப்ளேட் ஃபைலைத் தனியாக இறக்கிப் போட வேண்டும். பத்துப் பேர் வேலை செய்யும் ஆபீஸ் இத்தனை படி ஏற வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். விவரம் தெரிந்த ஆள் கிடைத்தால் செய்து கொள்ளுங்கள்.

கிடைக்காவிட்டால் வெப் பேஜையே விட்டுவிடுங்கள். சர்வரில் ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் ஒவ்வொரு கிளையன்டுக்கும் ஒரு ஷார்ட்கட் வையுங்கள். அந்த ஃபோல்டரின் ஷார்ட்கட்டை எல்லா டெஸ்க்டாப்பிலும் வைத்தால் போதும், இதற்குப் பிரவுசரே வேண்டாம். ஷார்ட்கட்டில் இசட் டிரைவ், ஒய் டிரைவ் என்று கொடுக்காமல் சர்வர் பெயரோடு முழுப் பாதையைக் கொடுங்கள். ஒருவர் கம்ப்யூட்டரில் இசட் என்பது இன்னொருவரிடம் ஒய்யாக இருக்கும்.

சிலர் அந்த ஃபோல்டர்களையே வெப்சைட் போல மாற்றித் தருகிறேன் என்று வருவார்கள். படிக்க மட்டும் என்றால் பரவாயில்லை. எக்செல் ஷீட்டைத் திறந்து திருத்தினால் அது உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் பிரதியில்தான் சேவ் ஆகும், சர்வரில் பழைய கணக்கே இருக்கும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நேரத்தில் இது பெரிய தலைவலி.

அப்புறம், லிங்க்கைத் திறக்க வைக்கும் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரில் சேர்க்கும் துணை புரோகிராம்கள், சில இருக்கின்றன. போடும்போது எல்லா வெப்சைட்டிலும் உள்ளதைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்டால் உடனே நிறுத்துங்கள். நீங்கள் வருமான வரி போர்ட்டலிலும் பேங்க் கணக்கிலும் நுழைவது அதே பிரவுசரில்தான். பிரவுசரின் பாதுகாப்பை அணைத்து வைத்த ஷார்ட்கட்டை ஒருவர் டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டுப் போனால் அதையும் அழித்துவிடுங்கள். எல்லோருக்கும் முழு அனுமதி என்று ஃபோல்டரைத் திறந்து விடுவதும் வேண்டாம். அதனால் லிங்க் திறக்கப் போவதில்லை, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அத்தனை கிளையன்ட் ஃபைலும் போகும்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது, வீட்டிலிருந்து ஃபோல்டரைத் திறக்க ரவுட்டரில் 445-ஆம் போர்ட்டை, அதாவது ஷேர்டு ஃபோல்டருக்கான நுழைவாயிலை, இன்டர்நெட்டுக்குத் திறந்து தருகிறேன் என்று யாராவது சொல்வது. 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வானாக்ரை என்ற ரான்சம்வேர் அந்த வழியாகத்தான் நுழைந்தது. ஒத்துக்கொள்ளவே ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டிலிருந்து வேலை செய்ய விபிஎன், அதாவது ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பான தனி வழி, போடச் சொல்லுங்கள். அதில் இணைந்த பிறகு, மேலே சொன்ன அதே சின்னப் பெட்டியில் அதே பாதையை அடித்தால் ஃபோல்டர் திறக்கும்.